சீறா நின்ற இடமும் சமாதான ஏடுகளும்

உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5027 பாடல்களைக் கொண்ட பெருங்காப்பியம் என்பதைத் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் அறியாதார் இலர். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களாக விரியும் அந்நூல் எவ்விடத்தில் முடிகிறது என்பதைக் கருத்தூன்றிப் பார்த்தவர் சிலரே. உறனிக் கூட்டத்தார் படலத்தோடு காப்பியம் நின்றுவிடுகிறது. அந்நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர் பலரும் ஹிஜ்ரி ஆறாம் ஆண்டில் வைப்பர். அதே ஆண்டின் துல்கஃதா மாதத்தில் நிகழ்ந்ததே ஹுதைபிய்யா உடன்படிக்கை. பத்றும் உஹதும் அகழ்ப் போரும் உமறின் தமிழில் ஒலித்தன. வாள் உறையில் இருக்க, ஏடு விரிக்கப்பட்ட அந்த நாளின் வாயில் வரை வந்து புலவரின் எழுத்தாணி ஓய்ந்துவிட்டது.

எஞ்சிய வரலாற்றைப் பனி அகமது மரைக்காயர் தம் சின்னச் சீறாவில் தொடர்ந்தார் என்பது உண்மை. எனினும் மக்கள் நெஞ்சில் வேரூன்றியதும், மஜ்லிஸ்களில் விரித்துரைக்கப்பட்டதும் பெரிய சீறாவே. இதனோடு மற்றொன்றையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். இஸ்லாமியத் தமிழ்ப் புலவர் தமிழுக்குத் தந்த புதிய இலக்கிய வகைகளுள் ஒன்று ‘படைப்போர்’. போரைப் பாடத் தனியொரு வகை கண்ட நாம், போர் நிறுத்தத்தைப் பாட ஒரு வகை காணவில்லை. இது நமக்கு மட்டும் உரிய குறையன்று. ஆயிரம் யானைகளைக் களத்தில் கொன்ற தலைவனுக்குப் பரணி உண்டு என வகுத்த தமிழ் மரபு, ஆயிரம் உயிர்களைக் களத்துக்குச் செல்லாமல் காத்தவனுக்கு எந்தப் பிரபந்தத்தையும் வகுக்கவில்லை.

இந்தக் குறை இலக்கியத்தோடு நின்றிருப்பின் அதனைப் புலவர்களின் விருப்பம் எனக் கருதி விட்டுவிடலாம். ஆனால் நம் காலத்தில், நம் மொழி பேசும் மக்களிடையே, பாக் நீரிணைக்கு அப்பால் கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒரு போர் நடந்தது. அதனை நிறுத்தப் பல முறை பேச்சுக்கள் நடந்தன, உடன்படிக்கை ஏடுகள் எழுதப்பட்டன, அனைத்தும் முறிந்தன. அந்த ஏடுகளை அரசியலார் படித்தனர், சட்ட அறிஞர் படித்தனர். சொல்லையும் பொருளையும் எடைபோடும் இலக்கியத் திறனாய்வாளர் அவற்றைப் போதிய அளவு படிக்கவில்லை என்பது என் கருத்து. எவர் பெயர் எழுதப்பட்டது, எவர் பெயர் விடப்பட்டது, எந்தச் சொல்லால் எவர் குறிக்கப்பட்டார் என்பன ஒரு சமுதாயத்தின் உயிரையும் மண்ணையும் தீர்மானித்த வினாக்கள். அவற்றை இங்கு எழுப்ப விழைகின்றேன்.

தூதன் வேறு, சமாதானம் செய்பவன் வேறு

தமிழில் தூதுக்குப் பஞ்சமில்லை. திருக்குறள் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளது. கம்பனில் அங்கதன் தூதுப் படலம் உண்டு. வில்லிபாரதத்தில் கிருட்டிணன் தூதுச் சருக்கம் உண்டு. புறநானூற்றில் அதியமானுக்காக ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தி உண்டு. இவற்றை ஒருங்கு வைத்துப் பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும். இத்தூதர் யாவரும் ஒரு பக்கத்தைச் சார்ந்தவர்கள். வள்ளுவர் கூறும் தூதன் தன் வேந்தனுக்கு உறுதி பயப்பவன். ஒளவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பாராட்டுவது போலக் காட்டித் தம் தலைவனின் போர் வலிமையைப் புலப்படுத்தினார். கண்ணனும் அங்கதனும் சென்ற தூதுகள் வெற்றி பெறா என்பது படிப்போர்க்கு முன்னரே தெரியும். அத்தூது அங்கே போரைத் தடுப்பதற்காக வைக்கப்படவில்லை. ‘நாங்கள் கேட்டுப் பார்த்தோம், அவர்கள் மறுத்தார்கள்’ என்று போருக்கு நியாயம் தேடவே வைக்கப்பட்டது. காப்பியத் தூது பெரும்பாலும் போரின் பாயிரமே.

இன்றைய அரசுகளும் ஆயுதம் ஏந்திய இயக்கங்களும் நடத்தும் பேச்சுக்களுள் பல இந்தக் காப்பியத் தூதின் இனத்தைச் சார்ந்தவை என்றால் மிகையாகாது. உலகின் முன் தன் பக்கத்தை நியாயமானதாகக் காட்டவும், இழந்த வலிமையைத் திரட்டக் காலம் பெறவும் மேசைக்கு வருவார் உண்டு. அங்கே அமர்ந்திருப்பவர் தூதரே. சமாதானம் செய்பவர் அல்லர்.

சமாதானம் செய்பவர் ஒருவரையும் புறநானூறு நமக்குக் காட்டுகிறது. அவர் கோவூர் கிழார். சோழர் குலத்து நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்து, ஒருவன் முற்றுகையிட, மற்றவன் கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டான். ஆவூரில் அடைபட்டுக் கிடந்த நெடுங்கிள்ளியிடம் புலவர் பேசியது அவன் வீரத்தைப் பற்றியன்று. பாலின்றி அழும் குழந்தைகளைப் பற்றியும், பூவின்றி முடியும் பெண்டிரைப் பற்றியும் பேசினார். பின்னர் உறையூரில், இருவர் மார்பிலும் இருப்பது ஒரே ஆத்தி மாலை என்பதைச் சுட்டிக்காட்டி, எவர் தோற்பினும் தோற்பது ஒரு குடியே என்றார். அவர் எவர் பக்கத்தின் வலிமையையும் எடுத்துக்கூறவில்லை. போரிடாத மக்களையே வழக்கின் நடுவில் நிறுத்தினார்.

இத்தகைய நடுவர் படும் பாட்டையும் அதே நூல் மறைக்கவில்லை. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லத் துணிந்தான். கோவூர் கிழாரே இடைப்புகுந்து காத்தார். எல்லையைக் கடந்து இரு பக்கமும் பேசுபவனை ஒற்றன் என்பது அன்று தொட்டு இருந்துவரும் வழக்கம் போலும். நெடுங்கிள்ளியோ ‘காரியாற்றுத் துஞ்சிய’ என்னும் அடையோடு நம்மிடம் வந்து சேர்ந்துள்ளான். நல்ல சொல் ஒரு முற்றுகையைத் தளர்த்தலாம்; பகையை அடியோடு தீர்த்துவிடும் என்பதற்கில்லை என்பதை அந்த அடைமொழி நினைவூட்டுகிறது.

ஹுதைபிய்யா ஏடு

இனி, உமறுப் புலவர் பாடாத அந்த ஏட்டுக்கு வருவோம். புனித வரலாற்றை இக்கால அரசியலுக்கு அளவுகோலாக்குவதில் அச்சமும் அடக்கமும் வேண்டும். ஆயினும் உடன்படிக்கை எழுதும் கலை என்ற அளவில் ஹுதைபிய்யா கற்பிக்கும் பாடங்கள் தெளிவானவை.

முதலாவது, பெயர் பற்றியது. ஏட்டின் தலைப்பில் எழுதப்பட்ட இறைத் திருநாமத்தின் வடிவத்தைக் குறைஷியரின் பேராளர் ஸுஹைல் இப்னு அம்ரு ஏற்கவில்லை. அவர்களுக்குப் பழக்கமான வடிவம் எழுதப்பட்டது. ‘அல்லாஹ்வின் தூதர்’ என்னும் பட்டத்தையும் அவர் ஏற்கவில்லை. அலீ (ரலி) அவர்களின் கை அதனை அழிக்க மறுத்தது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்த இடத்தைக் காட்டச் சொல்லித் தாமே அழித்தார்கள். ‘அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது’ என்று எழுதப்பட்டது. பட்டம் விட்டுக்கொடுக்கப்பட்டது, உண்மை விட்டுக்கொடுக்கப்படவில்லை. நாயகத்தை நாடு கடந்து ஓடியவராகக் கருதி வந்த குறைஷியர், அவர்களைச் சமமான ஒரு தரப்பாக ஏற்றுக் கையெழுத்திட்டனர். அதுவே பெரிய ஆதாயம்.

இரண்டாவது, தன் பக்கத்தாரை இணங்கவைப்பது பற்றியது. மக்காவிலிருந்து அனுமதியின்றி வருவோரைத் திருப்பி அனுப்ப வேண்டும், மதீனாவிலிருந்து செல்வோரை அவர்கள் திருப்ப வேண்டியதில்லை என்ற பிரிவு தோழர்களைக் கலங்க வைத்தது. மை உலரும் முன்னரே ஸுஹைலின் மகன் அபூ ஜந்தல் (ரலி) விலங்கோடு வந்து நின்றார்; திருப்பி அனுப்பப்பட்டார். உமர் (ரலி) போன்றோரும் உள்ளம் குமைந்தனர். பலிப்பிராணிகளை அறுக்குமாறு கூறியும் எவரும் எழவில்லை. அப்போது அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் கூறிய யோசனையே நிலைமையை மாற்றியது: எவரிடமும் எதுவும் பேசாமல் தாங்களே முதலில் அதனைச் செய்யுங்கள் என்றார்கள். எதிரியோடு பேசி முடிப்பது பாதி வேலை. தன் வீட்டாரோடு பேசி முடிப்பதே மறு பாதி.

மூன்றாவதே நம் கட்டுரைக்கு உயிரானது. பத்தாண்டு காலப் போர் நிறுத்தம் கூறிய அந்த ஏட்டில், இரு தரப்பிலும் சேராத கோத்திரங்களுக்கு ஓர் இடம் வைக்கப்பட்டது. எவர் எந்தப் பக்கத்தின் உடன்படிக்கையில் சேர விரும்பினும் சேரலாம், தேர்வு அவர்களுடையது. குஸாஆ கோத்திரத்தார் நாயகத்தின் பக்கமும், பனூ பக்ர் குறைஷியரின் பக்கமும் தாமே எழுந்து சேர்ந்தனர். பின்னர் பனூ பக்ர் குஸாஆவைத் தாக்கிய போது, குறைஷியரில் சிலர் அதற்குத் துணை போன போது, சிந்தியது மதீனாவாசியின் இரத்தமன்று. ஆயினும் உடன்படிக்கை முறிந்ததாகவே கொள்ளப்பட்டது. ஏனெனில் குஸாஆவின் பெயர் ஏட்டினுள் இருந்தது. ஏட்டினுள் இருப்பவனின் இரத்தத்துக்கே கணக்கு உண்டு.

திம்புவிலிருந்து கொழும்புக்கு

இந்த மூன்று பாடங்களையும் கையில் வைத்துக்கொண்டு இலங்கை ஏடுகளைப் புரட்டுவோம். போருக்கு முந்திய காலத்திலேயே, 1957 ஜூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம், பிக்குகளின் எதிர்ப்பால் 1958 ஏப்ரலில் கைவிடப்பட்டது. எதிரியோடு முடிந்தது, வீட்டில் முடியவில்லை. இரண்டாம் பாடம் அங்கே முதலில் தவறியது.

1985 ஜூலையிலும் ஆகஸ்டிலும் பூட்டானின் திம்பு நகரில் இந்தியாவின் முயற்சியால் பேச்சு நடந்தது. ஐந்து ஆயுத இயக்கங்களும் தமிழர் விடுதலைக் கூட்டணியும் ஒன்றாக அமர்ந்து தேசிய இனம், தாயகம், தன்னாட்சி உரிமை, குடியுரிமை என நான்கு கோட்பாடுகளை முன்வைத்தன. அரசு ஏற்கவில்லை. வவுனியாவில் நிகழ்ந்த கொலைகளை அடுத்துப் பேச்சு முறிந்தது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழையே தாய்மொழியாகப் பேசி வாழ்ந்த முஸ்லிம்கள் அந்த மேசையில் தனித் தரப்பாக இல்லை.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்ட இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைச் சொல் நோக்கில் படிக்கும்போது இரு இடங்கள் கவனத்தை ஈர்க்கின்றன. இலங்கையின் பல இனங்களை எண்ணும் இடத்தில் அது முஸ்லிம்களைத் தனியே பெயர் சொல்கிறது. ஆனால் வடக்கும் கிழக்கும் எவருடைய வரலாற்று வாழ்விடம் என்று கூறும் இடத்தில் தமிழ் பேசும் மக்கள் என்றும், அவர்களோடு வாழ்ந்த பிற இனத்தவர் என்றும் கூறி அமைகிறது. முஸ்லிம் இவ்விரண்டில் எதில் அடங்குவான்? தமிழ் பேசுகிறான், ஆகவே முன்னதில் என்பார் ஒருவர். தனி இனமாக எண்ணப்பட்டான், ஆகவே பின்னதில் என்பார் மற்றொருவர். ஒரு சொற்றொடரின் மயக்கத்தில் ஒரு சமுதாயம் நிறுத்தப்பட்டது. மொழி நம்மை ஒன்றாக்குகிறது என்று மேடையில் கூறுவது எளிது. மண்ணைப் பங்கிடும் ஏட்டில் அந்த ஒற்றுமை, ஒருவன் பெயரை மற்றவன் பெயருக்குள் கரைத்துவிடும் ஆற்றலும் உடையது.

அந்த ஒப்பந்தத்தின் பெருங்குறை வேறொன்று. 48 மணி நேரத்தில் சண்டை நிற்க வேண்டும், அதன்பின் 72 மணி நேரத்தில் ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று அது விதித்தது. ஆயுதம் ஏந்தியவர் அதில் கையெழுத்திடவில்லை. கையெழுத்திட்டவர் ஆயுதம் ஒப்படைக்க வேண்டியவர் அல்லர். 1987 அக்டோபரில் இந்திய அமைதிப் படையும் விடுதலைப் புலிகளும் போரிடத் தொடங்கினர். 1990 மார்ச்சில் படை திரும்பும் முன் ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர் உயிரிழந்தனர். ஈழத் தமிழ் மக்கள் அடைந்த இழப்பு அதனினும் பெரிது.

இதற்கு ஓராண்டு முன்னர், 1986 ஜூன் 30 அன்று, இதே இந்திய அரசு மிசோ தேசிய முன்னணியோடு செய்த உடன்பாட்டில் லால்டெங்காவே கையெழுத்திட்டார். மிசோரமின் சிறுபான்மையினர் உரிமை காக்கப்படும் என்றும் அந்த ஏடு கூறியது. 1987 பிப்ரவரியில் மிசோரம் மாநிலமாயிற்று. அந்தச் சமாதானம் நிலைத்தது. இரண்டு மண்ணும் இரண்டு போரும் ஒன்றல்ல என்பதை மறந்து ஒப்பிடுதல் கூடாது. ஆயினும் ஆயுதத்தைக் கீழே வைப்பவனே ஏட்டில் கையெழுத்திட வேண்டும் என்னும் எளிய விதி ஓரிடத்தில் பேணப்பட்டது, மற்றோரிடத்தில் பேணப்படவில்லை என்பது மறுக்க முடியாதது.

‘நேரடித் தரப்பினர் அல்லாதார்’

1990 ஆம் ஆண்டு இலங்கை முஸ்லிம்களின் நினைவில் ஆறாத வடுவாக நிற்கிறது. ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அதற்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். பெரும்பாலோர் புத்தளத்தை அடைந்தனர். நீதி கேட்கும் நாக்கு நீதியோடு பேச வேண்டும். அதே காலத்தில் கிழக்கில் ஊர்காவல் படையில் இருந்த முஸ்லிம்கள் சிலரும் தமிழ்க் கிராமங்களில் நடந்த கொலைகளில் பங்கு கொண்டதாகப் பதிவுகள் உள்ளன. அந்தத் தமிழ்த் தாயின் கண்ணீரும் காத்தான்குடித் தாயின் கண்ணீரும் ஒரே உப்பைக் கொண்டவை.

1994-95 இல் சந்திரிகா அரசோடு நடந்த பேச்சும், 1995 ஜனவரி 8 இல் தொடங்கிய போர் நிறுத்தமும் ஏப்ரல் 19 இல் திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக் கலங்கள் தகர்க்கப்பட்டதோடு முடிந்தன. பின்னர், நார்வே நாட்டின் அனுசரணையோடு 2002 பிப்ரவரி 22 இல் போர் நிறுத்த உடன்படிக்கை வெளியாயிற்று. ரணில் விக்கிரமசிங்கவும் பிரபாகரனும் ஒரே மேசையில் அமராமல் தனித்தனியே கையெழுத்திட்ட அந்த ஏடு, முந்தியவற்றினும் சிறந்தது என்பதில் ஐயமில்லை. போரிட்ட இருவருமே கையெழுத்திட்டனர். நார்டிக் நாடுகள் ஐந்தின் கண்காணிப்புக் குழுவும் அமைந்தது.

அதன் முகவுரையில் முஸ்லிம்களைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு. மோதலில் நேரடித் தரப்பினர் அல்லாதாரும் அதன் விளைவுகளால் துன்புறுகின்றனர்; முஸ்லிம் மக்களைப் பொறுத்தவரை இது குறிப்பாக உண்மை; ஆகவே பாதுகாப்பு பற்றிய பிரிவுகள் அனைவர்க்கும் பொருந்தும் என்பது அதன் கருத்து. எழுதியவரின் நல்லெண்ணத்தை ஐயுற இடமில்லை. எனினும் இலக்கணம் பயின்றோர் இதனைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அந்தக் குறிப்பில் முஸ்லிம் வினை செய்பவனாக இல்லை. துன்பத்தை ஏற்பவனாகவே உள்ளான். அரபு இலக்கணத்தில் கூறின் அவன் ‘ஃபாயில்’ அல்லன், ‘மஃப்ஊல்’. அவனுக்குப் பரிவு உண்டு, நாற்காலி இல்லை. ஆறு மாவட்டங்களில் அமைந்த உள்ளூர்க் கண்காணிப்புக் குழு ஒவ்வொன்றிலும் அரசு நியமிக்கும் இருவர், புலிகள் நியமிக்கும் இருவர், அயல்நாட்டுக் கண்காணிப்பாளர் ஒருவர் என ஐவர் இடம்பெற்றனர். முஸ்லிம்கள் செறிந்து வாழும் திருகோணமலையிலும் அம்பாறையிலும்கூட அவர்கள் தாமே தெரிந்தனுப்பும் ஓர் இடம் ஏட்டில் வகுக்கப்படவில்லை.

2002 ஏப்ரல் 13 இல் கிளிநொச்சியில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் தனியே ஓர் உடன்பாடு கண்டனர். வெளியேற்றப்பட்டோர் திரும்புவதும், பேச்சில் முஸ்லிம்கள் பங்கு பெறுவதும் அதில் பேசப்பட்டன. ஆயினும் ஜூன் மாதத்திலேயே மூதூரிலும் வாழைச்சேனையிலும் கலவரம் மூண்டது. 2002 செப்டம்பர் முதல் 2003 மார்ச் வரை தாய்லாந்திலும் ஒஸ்லோவிலும் பெர்லினிலும் ஜப்பானின் ஹகோனேயிலும் நடந்த ஆறு சுற்றுப் பேச்சுக்களிலும் முஸ்லிம்களின் தனிக் குழு ஒன்று அமரவில்லை. ஹக்கீம் அரசுக் குழுவின் அமைச்சராகவே அமர்ந்தார். ஆழிப்பேரலைக்குப் பின் 2005 ஜூன் 24 இல் நிவாரணப் பணிக்கென அரசும் புலிகளும் செய்த பொதுக் கட்டமைப்பு உடன்பாட்டில், பிராந்தியக் குழுவில் புலிகளுக்கு ஐந்தும் முஸ்லிம்களுக்கு மூன்றும் அரசுக்கு இரண்டும் இடங்கள் வைக்கப்பட்டன. இது ஒரு முன்னேற்றமே. ஆனால் கரையோர அம்பாறையில் கடல் கொண்ட உயிர்களில் பெருந்தொகை முஸ்லிம்களுடையதாக இருந்தும், கையெழுத்திடும் இடத்தில் அவர்கள் இல்லை. நாற்காலி தரப்பட்டது, எழுதுகோல் தரப்படவில்லை. உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளுக்குத் தடை விதிக்க, அதுவும் நடைமுறைக்கு வரவில்லை. போர் நிறுத்தம் 2008 ஜனவரியில் முறைப்படி முடிந்தது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் எண்ணற்ற தமிழ் உயிர்களை உண்டு போர் முடிந்தது.

முஸ்லிம்களுக்கு ஒரு நாற்காலி தந்திருந்தால் போர் நின்றிருக்கும் என்று நான் கூறவில்லை. அது வரலாற்றைக் குழந்தைக் கதையாக்குவதாகும். அதிகாரப் பகிர்வு, இராணுவ வலிமை, நம்பிக்கையின்மை, கொழும்பின் கட்சிப் போட்டி, இயக்கத்துள் நேர்ந்த பிளவு எனக் காரணங்கள் பல. நான் கூறுவது இவ்வளவே: மூன்றாமவன் பெயரை வைக்கத் தெரியாத ஏடு, முதலிருவரின் பெயரையும் உண்மையில் புரிந்துகொள்ளவில்லை. நாட்டில் சிறுபான்மையாகிய தமிழனின் குறையைக் கேளாத கொழும்பும், கிழக்கில் சிறுபான்மையாகிய முஸ்லிமின் குறையைக் கேளாத கிளிநொச்சியும் ஒரே பிழையின் இரு பிரதிகள். முதல் பிரதியைப் படித்துக் கொதித்தவர் பலர், இரண்டாம் பிரதியைப் படிக்கும் போது கண்ணை மூடிக்கொண்டனர்.

நம் பக்கம் ஆயுதம் ஏந்தும் போது

நம் சமுதாயத்தார் இதனைப் படித்துத் தலையசைத்து நின்றுவிடலாகாது. பிலிப்பைன்ஸ் நாட்டின் மிந்தனாவோவில் ஆயுதம் ஏந்தியவர் முஸ்லிம்களாகிய மோரோக்கள். 1976 திரிப்போலி உடன்பாடு, 1996 உடன்பாடு எனப் பல படிகளைக் கடந்து, மலேசியாவின் அனுசரணையோடு 2014 மார்ச் 27 இல் முழுமையான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அங்கே மலைகளில் வாழும் முஸ்லிம் அல்லாத பழங்குடியினர், எங்கள் மூதாதையர் நிலத்தின் கதி என்ன என்று கேட்டனர். கிழக்கிலங்கை முஸ்லிமின் அதே வினா, அங்கே முஸ்லிம்களை நோக்கி எழுந்தது. 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவர்களுக்கெனச் சட்டமன்ற இடங்கள் ஒதுக்கப்பட்டன. அது போதுமா என்ற வாதம் ஒருபுறம் இருக்க, வினா ஏட்டினுள் வந்து சேர்ந்தது என்பது நோக்கத் தக்கது. நாம் நலிந்த இடத்தில் கேட்பதை, நாம் வலுத்த இடத்தில் பிறர்க்குத் தர வேண்டும். நாயகத்தின் மதீனா சாசனம் கோத்திரங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, யூதக் குடியினரையும் பெயர் சொல்லி எழுதியதன் பொருள் வேறென்ன?

சொற்களின் வேர்

போர் நிறுத்தத்துக்கு அரபியில் ‘ஹுத்னா’ என்பர். அதன் வேர்ச்சொல்லுக்கு அசைவின்மை, அமைதி என்பது பொருள். சமாதானத்துக்கு ‘ஸுல்ஹ்’ என்பர். ‘ஸாலிஹ்’ என்பதும் ‘இஸ்லாஹ்’ என்பதும் அதே வேரில் பிறந்தவை; கெட்டதைச் சீராக்குதல் என்பது அதன் பொருள். முன்னது ஒன்றும் செய்யாதிருத்தல். பின்னது ஒன்றைச் செய்தல். இலங்கைத் தமிழ் இதழ்கள் 2002 ஏட்டைப் புரிந்துணர்வு உடன்படிக்கை என்றும், நார்வேயை அனுசரணையாளர் என்றும் அழைத்தன. அனுசரணை என்பது ஒத்துச் செல்லுதல்; கோவூர் கிழார் செய்தது அதனினும் மேலானது. ஒத்துச் செல்பவர், இரு தரப்பும் பேச மறுப்பதைத் தாமும் பேச முடியாதவராகி விடுகிறார்.

நெய்வேலி நகரியத்தில் வாழ்வோர்க்கு இந்த வேறுபாட்டை எளிதில் விளக்கலாம். இங்குப் பழுப்பு நிலக்கரிப் படுகையின் அடியில் பேரழுத்தத்தோடு ஊற்று நீர் நிற்கிறது. அதன் அழுத்தத்தைக் குறைக்க, சுரங்கத்தைச் சுற்றிலும் பம்புகள் இரவும் பகலும் நீரை இறைத்த வண்ணம் உள்ளன. அவை நின்றால் கீழிருந்து எழும் நீர் சுரங்கத் தரையைப் பிளந்துவிடும். மேலே நிலம் அமைதியாகத் தோன்றுவது, கீழே ஒருவன் ஷிப்ட் தவறாமல் வேலை செய்வதால்தான். ஹுத்னாவின் அமைதியும் அத்தகையதே. உடன்படிக்கை கையெழுத்தான நாளில் வேலை முடிவதில்லை. அன்றுதான் பம்பு ஓடத் தொடங்குகிறது.

மற்றொன்றும் இவ்வூர்த் தொழிலாளர் அறிவர். 1947 ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் உடன்பாடுகளை இரு வகையாகப் பிரித்திருந்தது. இரு தரப்பும் தாமே செய்துகொண்டது அவ்விருவரை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச அதிகாரியின் முன்னிலையில் செய்யப்பட்டது, கையெழுத்திடாத சங்கத்தின் உறுப்பினர் உட்பட அந்த நிறுவனத்தின் தொழிலாளர் அனைவரையும் கட்டுப்படுத்தும். ஆகவே ஒப்பந்த நகல் கைக்கு வந்ததும் அனுபவமுள்ள தொழிலாளி முதலில் தேடுவது தொகையை அன்று. ‘இது எவர்க்குப் பொருந்தும்?’ என்னும் பிரிவையே. ஊதியத்துக்கு இந்த வினா வேண்டுமெனில், உயிருக்கு வேண்டாமா?

பாடப்பட வேண்டியது

ஏடுகள் செய்யத் தவறியதை இலக்கியம் சில இடங்களில் செய்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்ட போது அதற்காகக் கண்ணீர் வடித்துப் புத்தரையே கொலையுண்டவராகக் காட்டிய கவிதை, கல்முனைக்குடியைச் சேர்ந்த எம்.ஏ.நுஃமான் எழுதியது. பலஸ்தீனக் கவிஞரின் குரலைத் தமிழுக்குக் கொணர்ந்தவரும் அவரே. எந்த மேசையிலும் இடம் பெறாத சமுதாயத்தைச் சேர்ந்த ஒருவர், தம் அயலாரின் இழப்பைத் தம் இழப்பாகவே எழுதினார். ஆத்தி மாலையைச் சுட்டிய கோவூர் கிழாரின் மரபு அங்கே தொடர்கிறது.

தமிழகத்தில் நாமோ அந்தப் போரைப் பெரும்பாலும் பரணியாகவே கேட்டோம். களத்தைப் பாடிய மேடைகளில் கண்காணிப்புக் குழுவின் ஐந்தாம் நாற்காலியைப் பற்றிப் பேச எவரும் இலர். புத்தளத்து முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு தாயின் பேச்சில் மட்டுமே இருந்தது என்பதும் நம் பாட்டில் ஏறவில்லை.

ஹுதைபிய்யாவிலிருந்து திரும்பும் வழியில் அருளப்பட்ட அத்தியாயம், தோல்வி போலத் தோன்றிய அந்த உடன்படிக்கையைத் தெளிவான வெற்றி என்று அறிவித்தது. ‘ஃபத்ஹ்’ என்னும் அச்சொல்லின் முதற் பொருள் திறத்தல் என்பதாகும். உமறுப் புலவரின் எழுத்தாணி நின்ற இடத்திலிருந்து தொடங்க விழையும் இளம் புலவர் எவரேனும் நம் இல்லங்களில் இருப்பின், அவர்க்குப் பொருள் காத்திருக்கிறது. அழிக்க மறுத்த அலீயின் கையைப் பாடட்டும். விலங்கோடு திரும்பிய அபூ ஜந்தலைப் பாடட்டும். வழி காட்டிய உம்மு ஸலமாவைப் பாடட்டும். எல்லார்க்கும் மேலாக, எவர் பக்கம் நிற்பது என்பதைத் தானே தேர்ந்து, தன் பெயரைத் தானே ஏட்டில் ஏற்றிய குஸாஆ கோத்திரத்தைப் பாடட்டும்.